கதவுக்குப் போகும் ஒயர்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பேசியதில் பாதி விட்டுப்போயிற்று. எழுதி வைத்தால் வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வாய் என்றுதான் இந்தக் கடிதம்.

உன் பழைய காருக்கு டிங்கரிங் முடிந்தது, அடுத்தது பெயின்ட் என்றாய். அதற்கு முன்னால் கதவு ஒயர் எந்த வழியாகப் போகப்போகிறது என்று முடிவு செய்துவிடு. பெயின்ட் ஆன கதவில் டிரில் வைக்க யாருக்கும் மனசு வராது. அப்படியே வைத்தாலும் அந்த ஓட்டையின் விளிம்பிலிருந்துதான் மறுபடி துரு கிளம்பும்.

அந்தக் கார் செய்யப்பட்டபோது கதவுக்குள் ஒரு ஒயர்கூடக் கிடையாது. இப்போது பவர் விண்டோ, ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக் மூன்றையும் சேர்க்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் காரில் மற்ற ஒயர்களெல்லாம் போட்ட இடத்தில் கிடக்கும். கதவு ஒயர் மட்டும் ஒவ்வொரு தடவை நீ ஏறி இறங்கும்போதும் வளைந்து நிமிர வேண்டும். மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். கதவைத் திறந்தால் பாட்டு கேட்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது என்ற நிலை வந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். ஸ்பீக்கர் என்றால் அதோடு போயிற்று. பவர் விண்டோ மோட்டார் இழுக்கும் கரண்ட் அதிகம். மிச்சமிருக்கும் நாலைந்து இழைகள் அதைத் தாங்காமல் அந்த இடம் கொதிக்கும்.

பில்லரில், அதாவது கதவின் கீல்கள் மாட்டியிருக்கும் தூணில், ஒரு ஓட்டை, கதவில் ஒரு ஓட்டை என்று இரண்டு வேண்டும். எல்லாரும் இரண்டையும் நேருக்கு நேராகப் போட்டுவிடுவார்கள். உன் காரில் பில்லருக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம்தான். கதவை மூடினால் ஒயர் அங்கே மடங்கி நசுங்கும். ஒன்றை மேலேயும் மற்றதைக் கொஞ்சம் கீழேயும் வை. ஒயர் கீல்களை ஒட்டினாற்போல் செங்குத்தாக இறங்கட்டும். அப்போது கதவு திறக்கும்போது அது மடங்காமல் முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிகிறபோது முறுக்கு முழு நீளத்துக்கும் பரவுகிறதே, அந்த மாதிரி எந்த ஒரு இடத்திலும் பாரம் குவியாது. கீல் போல்ட்டுகளுக்கு அருகில் மட்டும் ஓட்டை போடாதே. கதவின் எடையைத் தாங்குவது அந்தத் தகடுதான்.

குறி போடுவதற்கு முன் ஒயர் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாயை டேப்பால் ஒட்டிவிட்டு, கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பார். டார்ச் அடித்துக் கவனி. முழுக்கத் திறந்தபோது இழுபடக் கூடாது. மூடும்போது கீலிலோ கதவை நிறுத்தும் பட்டையிலோ சிக்கக் கூடாது.

ஓட்டையின் இரண்டு பக்கமும் பிசிர் போக அரத்தால் ராவி, பிரைமர் அடித்து, பெயின்ட் ஆனதும் ரப்பர் குரோமெட் போடு. ஓட்டையின் விளிம்பு ஒயரை வெட்டாமல் காக்கும் ரப்பர் வளையம் அது. குரோமெட்டின் பள்ளம் தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். பள்ளம் அகலமாக இருந்தால் நாளடைவில் கழன்று வந்துவிடும். இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளு, உள்ளே போய்விடும். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு கார் வேலைக்கு வந்தது. முன்னால் பார்த்தவர் குரோமெட் போடாமல் ஒயரில் கறுப்பு டேப்பை மட்டும் சுற்றியிருந்தார். வெயில் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. தகட்டு விளிம்பு உறையை வெட்டி, செம்பு பாடியில் உரசிய இடத்தில் பெயின்ட் கருகி மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அந்த லைனில் ஃபியூஸே இல்லை. பழைய கார்கள் சிலவற்றில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான் இருக்கும். நீ புதிதாக இழுக்கும் ஒவ்வொரு லைனுக்கும் பேட்டரிப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் போட்டுவிடு. இதில் மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நினைக்காதே, கண்ணு. அந்த வண்டிக்குள் உட்காரப்போவது நீ.

ஒயர் வாங்கும்போது இழை எண்ணிக்கையைப் பார். 28/0.30 என்று போட்டிருந்தால் 0.30 மில்லிமீட்டர் விட்டமுள்ள 28 இழைகள், கிட்டத்தட்ட 2 சதுர மில்லிமீட்டர். அதே பருமனில் இன்னும் மெல்லிய இழைகள் கிடைத்தால் அதையே எடு, வளைவை நன்றாகத் தாங்கும். வளைகிற இடத்தில் சால்டரிங் கூடவே கூடாது. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் ஒடியும். இணைப்புகளை டேஷ்போர்டுக்குக் கீழே, கால் பக்கத்தில் கனெக்டர் போட்டு வைத்துக்கொள். பிற்பாடு கதவைக் கழற்ற வேண்டியிருந்தாலும் ஒயரை வெட்ட வேண்டாம்.

எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழிக்கு, கீலை நம்பாதே. பெயின்ட்டும் கிரீஸும் நடுவில் இருக்கும். தனி ஒயர் இழு. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருந்தது, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். உன்னுடையது எது என்று பார்த்துவிட்டு ஸ்டீரியோவில் கை வை.

கதவுக்குள் மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாக இறங்கத்தான் செய்யும், அடியில் இருக்கும் துளைகள் வழியே வெளியேறும். அதனால் கனெக்டருக்கு முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்று. தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கண்ணாடி இறங்கும் பாதைக்கு ஒதுங்கி கிளிப் அடி.

கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடை மூடுமுன் யாரையாவது கதவைத் திறந்து மூடச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரை ஒயரின் இரு முனையிலும் வைத்துப் பார். முள்ளோ எண்ணோ துள்ளினால் எங்கோ இழை அறுந்திருக்கிறது.

ஓட்டைக்குக் குறி போட்டதும் ஒரு போட்டோ அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு டிரில்லை எடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா