எஞ்சின் கண்ணாடி மாதிரி பளபளக்கக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பழைய அமெரிக்க மஸில் கார்களை (பெரிய எஞ்சின் போட்டு வேகத்துக்கென்றே செய்தவை) பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் செவர்லே கம்பெனியின் 1969 செவெல் எஸ்எஸ் 396 காரின் பானெட்டைத் திறந்து எடுத்த படத்துக்குக் கீழே "தொழிற்சாலையிலிருந்து வந்த அதே கோலத்தில்" என்று போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் இரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் வரைக்கும் ஆரஞ்சு, முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. செவர்லே ஆலையிலிருந்து எந்த எஞ்சினும் அந்தக் கோலத்தில் வெளியே வந்ததில்லை.

அந்த 396 எஞ்சின் நியூயார்க் மாநிலத்தில் டோனவாண்டா ஆலையில் செய்தது. எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகுதான் ஆரஞ்சு அடிப்பார்கள். பிரைமர் கிடையாது, இழைத்துத் தேய்ப்பது கிடையாது, வரிசையில் அடுத்த எஞ்சின் வந்து நிற்கும். அதனால் பெயின்ட் கன் நேராகப் பட்ட பக்கம் கனமாக இருக்கும், கை எட்டாத மூலையில் வார்ப்பிரும்பே தெரியும், சில இடத்தில் வழிந்து சொட்டு சொட்டாகக் காய்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கென்று பெயின்ட் அடிக்கவே மாட்டார்கள். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு சேருகிற ஓரத்தில் தெறித்தது கொஞ்சம் ஒட்டியிருக்கும், வண்டி சூடேறி ஓட ஆரம்பித்ததும் அதுவும் கருகிவிடும், அப்புறம் வெறும் துருப்பிடித்த இரும்புதான்.

இன்னொன்று, அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் எல்லாமே ஆரஞ்சு என்கிற மாதிரி கட்டுரையில் ஒரு வரி வருகிறது. போர்டு 1966-லிருந்து எஞ்சின்களுக்கு நீலம் அடித்தது. அதற்கு முந்தைய போர்டு மஸ்டாங்கின் 289 எஞ்சினில் பிளாக் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) கறுப்பு, வால்வ் கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். பான்டியாக்கும் நீலம்தான், வேறு நீலம். பியூக் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் ஆரஞ்சுதான், ஆனால் செவர்லே ஆரஞ்சை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை என்று தெரியும்.

சரி, இதற்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்று கேட்பீர்கள். நான் மிச்சிகனில் வேலை பார்க்கிறேன், என்னிடம் ஒரு 1970 செவெல் இருக்கிறது, 350 எஞ்சின். வாங்கிய புதிதில் எஞ்சினின் பின்பக்கம் ஏறியிருந்த கிரீஸை மரக்குச்சியால் சுரண்டினேன். மெல்லிய ஆரஞ்சு, அதற்கடியில் புடைத்த எழுத்தில் "ஏ 26 0". ஏ என்றால் ஜனவரி. 1970 ஜனவரி 26-இல் வார்த்த பிளாக். பிளாக்கின் முன்பக்கத்தில் தட்டையான இடத்தில் "வி0209" என்று குத்தியிருந்தது, வி என்றால் பிளின்ட், அந்த ஆலையில் பிப்ரவரி 9-ஆம் தேதி பூட்டியது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் பேனுக்கு மேலே யாரோ சோதித்துப் பார்த்து வைத்த மஞ்சள் பெயின்ட் தீற்றல் ஒன்று, விரல் அகலம்தான் இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அப்புறம் ஒரு பட்டறையில் விட்டேன். என்னைக் கேட்காமலே மணலை வேகமாக அடித்துச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, பிரைமர் போட்டு, மூன்று கோட் அடித்துக் கொடுத்தார்கள். வார்ப்புத் தேதி பெயின்டுக்குள் மூழ்கிப்போனது. மஞ்சள் தீற்றல் போயே போய்விட்டது. தேதியையாவது கரைசல் வைத்து மீட்கலாம், அந்தத் தீற்றலை யார் திரும்ப வைப்பது?

செவர்லேயின் கார்வெட் கார்களை மதிப்பிடும் என்சிஆர்எஸ் அமைப்பில், ஆலையை விட அழகாகச் செய்தாலும் புள்ளி குறைப்பார்கள். அது ரொம்ப நியாயம் என்று இப்போது படுகிறது. பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் கழுவுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் எதைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

நீங்களும் அடுத்த இதழில், பிரித்து வேலை செய்யாத எஞ்சின் ஒன்றை, துருப்பிடித்த மேனிபோல்டும் வழிந்த பெயின்டுமாக, ஒரு முழுப் பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மிச்சிகன்