மற்றும் நால்வர்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஏட்டின் விளையாட்டுப் பக்கத்தில், பேங்காக்கில் நடந்த அனைத்துலக கிம்ராமா (பந்து, வளையம், ரிப்பன் வைத்து இசைக்கு ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ்) குழுப் போட்டியைப் பற்றி ஆறு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. மலேசியக் குழுவுக்கு ஐந்தாவது இடம் என்று எழுதி, குழுத் தலைவியின் பெயரைப் போட்டு, 'மற்றும் நால்வர்' என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த நால்வரில் ஒருத்தி என் பேத்தி.

கிம்ராமா எப்படிப்பட்ட விளையாட்டு என்று தங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. 13 மீட்டர் சதுர விரிப்பில் ஐந்து பெண்கள் இரண்டரை நிமிடத்துக்குள் ஆடி முடிப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புள்ளி போடுவது ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான். ஒருத்தி கையிலிருந்து பந்து நழுவினால் அரைப் புள்ளி போகும், அது உருண்டோடி அவள் பின்னால் ஓடிப்போய் எடுத்தால் ஒரு புள்ளியே போகும். போவது ஐந்து பேருக்கும்தான். அடி விழும்போது ஐவர், பெயர் போடும்போது ஒருத்தி. நல்ல கணக்கு ஐயா.

செய்தியோடு நீங்கள் போட்ட படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். தலைவி தரையில் படுத்தபடி, திரும்பிப் பார்க்காமலே வளையத்தைக் காலால் பிடிக்கிறாள். அழகான படம், மறுக்கவில்லை. அந்த வளையம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா? இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அதுதான் எறிந்த கை. மற்றதைக் கத்தரித்துவிட்டீர்கள். முழங்கையை வைத்தே நான் கண்டுபிடித்தேன். எட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்த தழும்பு அது.

தலைவி மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஈப்போ பிள்ளை, தங்கமான பெண். செய்தி வந்த அன்று இரவே என் பேத்திக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டதாம், அது செய்யாத தப்புக்கு.

அன்று நானும் உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். "இடம் இல்லைங்க ஐயா" என்றார் ஒரு தம்பி. சரி. அதே நாள் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு நடிகர் கடை திறக்க வந்த படம் அரைப் பக்கம். அதற்கு முந்தின மாதம் 'நம் பெண்களுக்கு இந்த உடை தேவையா' என்று ஒரு வாசகர் எழுதியதை நான்கு பத்திக்கு விட்டீர்கள். கால் முழுக்க மூடும் உடையில் ஆடவும் விதியில் இடம் உண்டு என்று அவருக்கும் தெரியவில்லை, அதை அச்சுக்கோத்தவருக்கும் தெரியவில்லை. அந்த நான்கு பத்தியை மடித்து எடுத்து வந்து காட்டித்தான் எங்கள் ஊர் மண்டபம் ஒன்றில் பயிற்சிக்கு இடம் இல்லை என்றார்கள். கூரை உயரமாக இருக்கிறதே என்று ஆசையோடு போய்க் கேட்ட இடம் அது. இதைச் சொன்னால் பழங்கதை என்பீர்கள்.

பழங்கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1979இல் தோட்டங்களுக்கு இடையிலான காற்பந்தில் நான் கோல்கீப்பர். இறுதி ஆட்டத்தில் இரண்டு பினால்டி பிடித்தேன். மறுநாள் செய்தியில் கோப்பை கொடுத்த மானேஜர் பெயர் இருந்தது, வாங்கிய கேப்டன் பெயர் இருந்தது, பிறகு 'மற்றும் பலர்' என்று இருந்தது. அந்தத் திடலில் இப்போது செம்பனை நிற்கிறது, கோல் கம்பம் எங்கே இருந்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தாத்தா 'மற்றும் பலர்', பேத்தி 'மற்றும் நால்வர்'. இந்த முறை எண்ணியாவது பார்த்திருக்கிறீர்கள், நன்றி.

ஏழு வயதில் தொடங்கியவள் ஐயா. பள்ளிக்கு வந்த ஓர் ஆசிரியை பார்த்துவிட்டு, பிள்ளை உடம்பு நன்றாக வளைகிறது, சிரம்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்றார். பிறகு சனிக்கிழமை தவறாமல் எங்கள் ஊர் பகாவிலிருந்து முதல் பேருந்து. தேர்வானதும் சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்கு கொமுட்டர் ரயில். வளையத்தைப் பேருந்தில் எங்கே வைப்பது? என் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "சர்க்கஸா அங்கிள்?" என்று கேட்காத டிரைவர் இல்லை. ஆமாம் தம்பி, நான்தான் சிங்கம் என்பேன்.

ரிப்பனுக்கு இஸ்திரி போடுவது என் மனைவியின் வேலை. ஜூனியர் பிள்ளைகளுக்கு 5 மீட்டர் ரிப்பன். மடிப்பு விழுந்தால் காற்றில் சரியாகச் சுருளாது, முடிச்சு விழுந்தால் புள்ளி போகும். மெல்லிய துணியை மேலே விரித்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தித் தேய்த்துவிட்டு, பழைய மைலோ டின்னைச் சுற்றி உருட்டி வைப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் போய்விட்டாள். இப்போது பேத்தி சீனியர். விடுமுறைக்கு வந்தால் ரிப்பனை நான்தான் தேய்க்கிறேன். டின் அதேதான்.

என் பேத்தியின் பெயர் உங்கள் ஏட்டில் ஒரே ஒரு முறை வந்திருக்கிறது. என் மனைவியின் கருமக்கிரியை அறிவிப்பில், பேரப்பிள்ளைகள் வரிசையில். அதற்கு நாங்கள் பணம் கட்டினோம். பதினொரு பெயர், ஒன்றுகூட விடுபடவில்லை, இடமும் இருந்தது.

1998 காமன்வெல்த் போட்டியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோலாலம்பூரில் நம் கிம்ராமா அணி தங்கம் வாங்கியது. அணியில் சரினா சுந்தர ராஜா இருந்தார். அது தனித்தனியாக ஆடியவர்களின் புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்த பதக்கம், இது ஐவரும் ஒரே விரிப்பில் ஆடுவது, வேறு வேறு. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேத்தியை முதல் நாள் பேருந்தில் ஏற்றினேன். பெயர் தெரிந்ததால் ஏற்றினேன். அடுத்து, 1996இல் குழுப் போட்டி ஒலிம்பிக்கில் நுழைந்த நாளிலிருந்து தங்கம் ஐரோப்பாவை விட்டு நகரவில்லை. 2024இல் பாரிசில் சீனப் பெண்கள் அதைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். ஐந்து பேர் கழுத்திலும் பதக்கம் தொங்கியது. தலைவிக்கு ஒன்று போட்டுவிட்டு மற்ற நால்வரைக் கைதட்டச் சொல்லவில்லை.

பேங்காக் செய்தியை ஒரு மலாய் ஏடும் போட்டிருந்தது. ஐந்து பெயரும் இருந்தன. நம் பிள்ளை பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருந்தார்கள். அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். தமிழ்க் குடும்பம், தமிழ் ஏடு நாற்பது வருடமாக வாங்கும் வீடு, கத்தரித்து வைத்திருப்பது மலாய்ப் பத்திரிகை.

இந்தக் கடிதம் எழுதுவது பேத்திக்குத் தெரியாது. தெரிந்தால், "விடுங்க தாத்தா, அஞ்சாவது இடம்தானே" என்பாள். அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கு வந்த செய்தியின் மூலத்தில் கட்டாயம் இருக்கும், ஆளைவிட்டுத் தேடச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து பேரின் பெயரையும் ஒரு மூலையில் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை. எங்கள் பிள்ளை பெயர் ழகரத்தில் முடியும், ளகரம் போட்டுவிடாதீர்கள். அப்புறம், அது எந்த நாள் வரும் என்று முன்கூட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும். பகாவுக்கு வருவதே சில பிரதிகள், பத்து மணிக்கெல்லாம் கடைக்காரர் தீர்ந்துபோச்சு என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்.