கல்யாண வீட்டுக்காரங்களுக்கு ஒரு நாயனக்காரன் எழுதுறது

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் கல்யாணம் வச்சிருக்கற எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்து நாயனக்காரன், அதாவது நாதஸ்வரம் வாசிக்கறவன், முப்பது வருஷமா உங்க வீட்டு முகூர்த்தத்துலதான் எனக்கு சாப்பாடு, அதனால சண்டை போட எழுதலங்க.

சினிமா பாட்டு கேக்கறீங்களே, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எங்காளுங்கள்ல சில பேரு மூஞ்ச சுளிப்பாங்க, நான் மாட்டேன், கேட்டா வாசிப்பேன், பொண்ணோட அத்தை கண்ணு கலங்கற மாதிரியே வாசிப்பேன். என் கவலை வேற. போன்ல நீங்க எடுத்ததும் கேக்கறது, "ஒரு நாயனம் ஒரு தவில் போதும்ல, எவ்ளோ கொறைப்பீங்க?"

போதாதுங்க. நாயனம் மூச்சு வாத்தியம். தோடி ராகத்துல ஒரு பிடிய இழுத்துக்கிட்டு மேல போயி நிக்கறப்ப மூச்சு தீந்துடும், அந்த எடத்துல பக்கத்துல இருக்கறவரு அதை வாங்கி விட்ட எடத்துலேர்ந்து புடிச்சிட்டு போவாரு, அதுக்குள்ள நான் சீவாளிய, அதான் நாயனத்து நுனியில ஊதற நாணல் துண்ட, வாயில வச்சு நனைச்சு சரி பண்ணிப்பேன், ஆலாபனை அறுபடாம ஓடறது இப்படித்தான். தவிலும் அப்படித்தான், ஒருத்தர் மட்டும் இருந்தா தவில் மட்டும் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல பதில் சொல்ல ஆளே இல்ல. ஆள கொறைச்சா போறது ராகம், மிஞ்சறது ரெண்டு நிமிஷ பல்லவி. அப்புறம் "இப்பல்லாம் எவன் நல்லா வாசிக்கறான்"னு பந்தியில பேசறதும் நீங்கதான்!

பெரிய நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, கீச்சுனு கேக்கற திமிரிங்கற குட்டை நாயனத்த விட்டுட்டு சுருதி கொறைஞ்ச நீளமான பாரி நாயனத்துக்கு வந்தாரு. அந்த பாரிய இன்னைக்கும் நரசிங்கம்பேட்டையில பழைய வீட்டு உத்தரத்துல கெடைக்கற ஆச்சா மரத்துல கடையறாங்க, நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கெடைச்சுது, நாங்க எல்லாரும் வாட்சப்ல ஸ்டேட்டஸ் வச்சோம். அந்த நாயனத்த வாசிக்க ஒரு அரைமணி கேட்டாதான் "டிஜே வந்துட்டான், சீக்கிரம்"ங்கறீங்க.

போன வைகாசியில ஒரு மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு சண்முகப்பிரியா ராகம் ஆரம்பிச்சேன், நானும் ஒரு தவிலும்தான். பொண்ணோட தாத்தா பிளாஸ்டிக் சேரை தானே இழுத்துட்டு வந்து எதிர்ல போட்டு உக்காந்துட்டாரு. மூணு தடவ மூச்சு வாங்க நிறுத்தினேன், மூணு தடவையும் கண்ண மூடிக்கிட்டு பொறுமையா இருந்தாரு. நாலாவது தடவ கண்ண தொறந்து, "ரெண்டாவது நாயனம் எங்க தம்பி?"ன்னாரு. உங்க மகன்தான் வேணாம்னுட்டாருன்னு எப்படி சொல்றது, சிரிச்சுட்டு சீவாளிய மாத்தினேன்.

ஒத்துக்கறேன், ஆள கொறைச்சதுல எனக்கும் பங்கு உண்டு. ஆடி, புரட்டாசி, மார்கழியில கல்யாணமே கெடையாது, மிச்ச மாசத்துல நல்ல முகூர்த்தம் பூரா ஒரே நாள்ல வந்து விழும், நான் மாட்டேன்னா இன்னொரு செட்டு போயிடும். அதனால சரின்னு சொல்லிட்டு வேணாம்னு நிறுத்தினது என் சித்தப்பா பையனை, எனக்கு ரெண்டாவது நாயனம் வாசிச்சவன். இப்ப அவன் லோடு ஆட்டோ ஓட்டறான். உதடு காஞ்சு போச்சுண்ணே, இனிமே சுருதி நிக்காதுங்கறான். அவன் தெனம் வாசிச்சு பழகற சாதகத்துக்கு யாரு சம்பளம் குடுத்தா, சொல்லுங்க?

ட்ரோன் கேமராவுக்கு குடுக்கறத எங்களுக்கு குடுங்கன்னு கேக்கல. ரெண்டு நாயனம் ரெண்டு தவிலா கூப்பிடுங்க, மொத நாள் சாயந்திரம் அரைமணி ஸ்பீக்கர அணைச்சு வைங்க, அதுக்கப்புறம் நீங்க கேக்கற பாட்டெல்லாம் விடிய விடிய வாசிக்கறோம். ஆவணிக்கு இப்பவே கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க நாலு பேருன்னு சொன்னீங்கன்னா மொத போன் அந்த லோடு ஆட்டோக்காரனுக்குத்தான் போடுவேன்.