கால் எரிவு நின்றது பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மச்சான், "கால் எரிவு தன்பாட்டிலேயே நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உடனே எழுத வைத்தது.

ஆடிவேலுக்கு அண்ணா தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தார். உச்சி வெயில், காலி வீதித் தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு நித்திரையும் கொண்டு எழும்பிவிட்டார். தரையில் அவருடைய அடித்தடம் ஈரமாகக் கிடந்ததைக் கண்டு, அண்ணிதான் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. அவருக்கோ ஒரு நோவும் இல்லை! உனக்குத் தெரியும்தானே, உன்னைப் போல அவருக்கும் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், கனகாலமாக இருக்கிறது.

கிளினிக்கில் டொக்டர் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டார். பெருவிரலில் தொட்டபோதும் அண்ணா வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சூட்டை உணர நரம்பு நுனியில் ஒரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் தாண்டினால் அது திறந்து செய்தி அனுப்பும். மிளகாய்க் காரமும் அதையேதான் திறக்கிறது, அதனால்தான் வாய் எரிகிறது. 1997இல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடுகையை உணரும் புரதங்களைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனும் அதில் பங்காளி.

கால்விரலிலிருந்து நாரி வரை போகும் நரம்பிழை ஒரே கலம், ஒரு மீற்றர் அளவு நீளம். இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டே போனால் நீளமான இழைகள்தான் முதலில் பழுதாகும். பழுதாகும்போது சும்மா இருக்கவே எரியும். முற்றாகச் செத்துவிட்டால் எரிவும் நின்றுவிடும். உனக்கு நின்றது சுகமா, இதுவா என்று சோதித்தால்தான் தெரியும்.

நல்லூர்க் கொடியேற்றம் வருகிறது. நீ வெறுங்காலோடுதான் போவாய், தடுக்க மாட்டேன். மணல் சுட முதல் காலைப் பூசையோடு வீட்டுக்கு வந்துவிடு. இரவில் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார், இல்லாவிட்டால் மனைவியிடம் காட்டு.

திருவிழாவுக்கு முதலே கிளினிக்குக்குப் போய் அந்த இழையால் சோதிக்கக் கேள். எந்தெந்த இடம் தெரியவில்லை என்று ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
ரவி