பெயர் எழுதாமல் விட்டது நாங்கள் இல்லை: அமெரிக்கப் புரட்சிப் போர் வாரிசுகள் சங்கத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

என் மாமியாரின் உறுப்பினர் விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்ட வீரரின் வம்சம் என்று அவர் நிரூபிக்க வேண்டும். மறுத்த காரணம் அதேதான்: அந்த வீரரின் பேத்திக்கும் அவள் மகளுக்கும் உள்ள உறவுக்குப் பிறப்புச் சான்று இல்லையாம்.

வீரர் வர்ஜீனியாப் படையில் இருந்ததை நீங்கள் மறுக்கவில்லை. 1818 சட்டப்படி அவர் கொடுத்த பென்ஷன் மனு உங்கள் கையிலேயே இருக்கிறது. அவர் அடிமையாக இல்லாத, சுதந்திரமான கறுப்பு மனிதர். ஆனால் அவர் மகன் கட்டியது ஓர் அடிமைப் பெண்ணை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அங்கே 1662 முதல் சட்டம். அதனால் நாட்டின் விடுதலைக்குச் சண்டை போட்டவரின் பேத்தி அடிமையாகப் பிறந்தாள்.

1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதலாளியின் பெயர் முழுசாக இருக்கும். அதன் கீழே வயது 40, பெண், கறுப்பு. அடுத்து 12, பெண், கறுப்பு. பெயருக்கு இடமே கிடையாது. அதே முதலாளி வீட்டு உயிலில் மட்டும் அந்தத் தாயும் மகளும் பெயரோடு வருகிறார்கள், பசு மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே, விலையோடு. அடிமைமுறை ஒழிந்த பிறகு எடுத்த 1870 கணக்கெடுப்பில் அதே இரண்டு பெயர்கள், அதே கவுன்ட்டி (மாவட்டம்), ஒரே வீடு. இதற்கு மேல் என்ன வேண்டும்? உயிலையும் 1870 கணக்கெடுப்பையும் சேர்த்துச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வர்ஜீனியா பிறப்புகளைப் பதிய ஆரம்பித்ததே 1853இல். அந்த மகள் அதற்கு முன்பே பிறந்துவிட்டாள், மன்னிக்க வேண்டும். வெள்ளைக் குடும்பங்களுக்கு வீட்டு பைபிளில் எழுதிவைத்த குறிப்பே போதும் என்கிறீர்கள். சரி, அடிமைகளைக் கூட்டிவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பதையே 1831இல் சட்டம் போட்டுத் தடுத்தார்களே, அந்த அடிமைகள் எந்த பைபிளில் எழுதியிருப்பார்கள்?

அமெரிக்க விடுதலையின் 250ஆம் ஆண்டு விழாவுக்கு நீங்கள் அனுப்பிய அழைப்பிதழில் ஜேம்ஸ் லஃபாயெட் படத்தைப் பார்த்தோம். அழகான படம். பிரிட்டிஷ் முகாமில் உயிரைப் பணயம் வைத்து உளவு பார்த்த அந்த அடிமைக்கே, துப்பாக்கி ஏந்திய வீரர் இல்லை என்று சொல்லி 1787 வரை விடுதலை கொடுக்கவில்லை. காகிதத்தைக் காட்டித் தட்டிக்கழிப்பது அப்போதே ஆரம்பித்த பழக்கம் போலிருக்கிறது. படம் போட மட்டும் கறுப்பு வீரர்கள் வேண்டும், பேரப்பிள்ளைகள் வேண்டாம்!

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் அவருடைய கோப்பை மறுபடி எடுங்கள். உயிலையும் 1870 கணக்கெடுப்பையும் சேர்த்துப் படியுங்கள். அதுவும் போதாது என்றால், பிறப்புச் சான்றைத் தவிர வேறு எதை ஏற்பீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள், தேடிக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
அந்த வீட்டு மருமகள்