ஊசிக்கும் சேர்த்துத்தான் காப்புறுதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, இரண்டு கட்டில் போட்ட ஒரு சிறிய அறையில் அக்குபங்சர் வைத்தியம் செய்து வருகிறேன். வன்னியில் என்னைப்போல் இடம் வைத்திருப்பவர்கள் என் பிழையைத் திரும்பச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன மாரியில், பரந்தனிலிருந்து முழங்கால் நோவுக்கு வரும் ஆச்சி ஒருவருக்கு ஊசி போட்டு, சூட்டு விளக்கையும் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். ஆச்சிக்கு நெடுநாள் சீனி வருத்தம். திரும்பி வந்து பார்த்தால் காலில் பொக்குளம் போட்டிருந்தது. "சுட்டதே தெரியேல்லைப் பிள்ளை" என்றார். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு அந்த விளக்கை வைத்தது என் பிழை. மருந்து கட்டும் செலவெல்லாம் நான் பார்க்கிறேன் என்றேன். காப்புறுதி இருக்கிறதே என்ற துணிவு!

காப்புறுதிக்காரர் கைவிரித்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி. ஆச்சி என் விறாந்தையில் வழுக்கி விழுந்திருந்தால் தந்திருப்பார்களாம். சிகிச்சையால் வரும் காயத்துக்குத் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி என்று வேறொன்று எடுக்க வேண்டுமாம். பத்திரத்தை விற்கும்போது முகவர் சொன்னது, "எல்லாம் கவராகும் அக்கா."

சரி, புதிதாக எடுக்கப் போனபோது நானே கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். சம்பவம் நடந்த நாளில் பத்திரம் இருந்தால் போதுமா, கோரிக்கை வரும் நாளிலும் இருக்க வேண்டுமா? இதுதான் முதலில் கேட்க வேண்டியது. இரண்டாவது வகை என்றால், இடையில் கட்டாமல் விட்டவருக்கு முன்னர் போட்ட ஊசிக்கும் காப்பு இல்லாமல் போகும். இப்படியான நட்டஈட்டு வழக்கைப் போட நம் நாட்டுச் சட்டம் 2 வருடம் தருகிறது. அறையைப் பூட்டிவிட்டு கனடா போகிறவர்களும் அந்த 2 வருடத்துக்குத் தொடர்காப்பு, அதாவது பத்திரம் முடிந்த பிறகு வரும் கோரிக்கைக்கும் காப்பு, கேட்க வேண்டும்.

செய்வதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஊசியோடு கப்பிங் (தோலில் கிண்ணம் கவிழ்த்து உறிஞ்சவைப்பது), மொக்சா (மூலிகையை எரித்துச் சூடு கொடுப்பது), சூட்டு விளக்கு எல்லாவற்றையும். தொகையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். தோளிலோ நெஞ்சிலோ ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் துளை விழலாம். அது பொக்குளம் போல ஆறிவிடுகிற காரியம் இல்லை.

பொருட்களுக்கு எடுக்கும் தீக் காப்புறுதியில் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்ததை மறந்தவர்கள் இங்கே யார்? பெறுமதியைக் குறைத்தும் எழுதாதீர்கள். 10 இலட்சம் பெறுமதியான பொருளை 5 இலட்சம் என்று எழுதினால், பாதிப் பெறுமதிக்குத்தான் காப்பு என்று நட்டத்திலும் பாதிதான் தருவார்கள்; 2 இலட்சம் நட்டத்துக்கு 1 இலட்சம்தான் கிடைக்கும்.

பதில்களை வாயால் வாங்காமல் கடிதமாக வாங்குங்கள். காப்புறுதி நிறுவனங்களிடம் ஒன்று கேட்கிறேன்: எதற்கெல்லாம் பணம் தரமாட்டீர்கள் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் தாருங்கள்.

இப்படிக்கு,
அக்குபங்சர் வைத்தியர் ஒருவர்,
கிளிநொச்சி.