உன் ரிப்போர்ட்டைப் படித்தேன்

அன்புள்ள கயல்,

"பாட்டி மாதிரியே ஆயிடுவேனாப்பா?" என்று நீ கேட்டபோது போனில் பதில் சொல்ல வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. உன் ஜீன் பரிசோதனை ரிப்போர்ட்டையும், பாட்டிக்கு வந்த அல்சைமர் என்ற மறதி நோயையும் பற்றி அதனால்தான் எழுதுகிறேன்.

அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டு எல்லோர் மூளையிலும் தினமும் உண்டாகிறது. அது நோயில்லை. வாய்க்கால் தண்ணீரோடு வண்டல் வருகிற மாதிரிதான். தூர் வாராமல் விட்டால் மேடிடும். ஏபிஓஇ ஜீன் தருகிற புரதத்துக்கு அந்தத் தூர் வாரும் வேலையிலும் பங்குண்டு. அந்த ஜீனில் 2, 3, 4 என்று மூன்று வகை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும். பெரும்பாலோருக்கு 3. நாலாம் வகை வாருவதில் மந்தம். துண்டுகள் ஒட்டிப் படிவது சீக்கிரமே தொடங்கிவிடும், மறதி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்பே. பாட்டி சாவியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாளே, வயசாகிவிட்டது என்று நினைத்தோம். படிவு அப்போதே பழசாகியிருக்கும்.

உன்னிடம் இருப்பது ஒரே ஒரு நாலு. மேற்கத்திய ஆய்வுகளில் அது ஆபத்தைச் சுமார் மூன்று மடங்கு கூட்டுகிறது. ஆனாலும் ஒரு நாலு உள்ள பலருக்கு நோய் வருவதே இல்லை. நாலு இல்லாதவர்களுக்கும் வருகிறது.

கொலம்பியாவில் ஆன்டியோக்கியா பகுதிக் குடும்பங்களில் பிரெசெனிலின்-1 ஜீனில் ஒரு மாற்றம் தலைமுறையாக வருகிறது. அது இருந்தால் நாற்பதுகளிலேயே நினைவு தடுமாறும். அந்தக் குடும்பத்து அம்மாள் ஒருத்திக்கு மட்டும் எழுபதுகள் வரை ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேன் செய்தால் மூளை நிறைய அமிலாய்டு! ஆனால் நரம்பு செல்லுக்குள் சிக்கலாகிற டாவ் புரதம் மிகக் குறைவு. அவரிடம் ஏபிஓஇ ஜீனிலேயே 'கிறைஸ்ட்சர்ச்' என்ற அரிய மாற்றம் இரண்டு பிரதியாக இருந்தது. 2019-ல் வெளியான இந்த ஆய்வை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. ஒரு ஜீன் தள்ளிவிட்ட இடத்தில் இன்னொரு ஜீன் பிடித்துக்கொண்டிருக்கிறது, கண்ணு.

நாலு யார் பக்கத்திலிருந்து வந்தது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என் பக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் தூங்கட்டும்.

சரி, செய்ய வேண்டியதைச் செய்வோம். பிரஷர், சர்க்கரை, காது கேட்பது மூன்றும் இந்த நோயோடு சம்பந்தப்பட்டவை. காலையில் என் பிரஷர் 138-க்கு 86. உன்னுடையதையும் பார்த்து எழுது.

பாட்டி திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே பத்து மணிக்குள் கூப்பிடு. அப்போதுதான் தெளிவாகப் பேசுவாள்.

அன்புடன்,
அப்பா